முதிரா வயதும் முதுநூலும்

பதினான்கு பதினைந்து வயதுடைய மாணவன் ஒருவன், பாடப்புத்தகத்தில் கண்ட கம்பன் பாடல்கள் பத்தோடு மனநிறைவு பெறாமல், "முழு நூலையும் நான் வாசிக்கலாமா?" என்று கேட்கின்றான் என வைத்துக்கொள்வோம். அவனுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை யாது? "இப்போது வேண்டாம் தம்பி, உன் வயதுக்கு அது விளங்காது. முதலில் பரீட்சைக்கு உரியதைப் படி" என்பதே. அன்பினாற் சொல்லும் விடைதான். பொறுப்புணர்ச்சியும் அதில் உண்டு. ஆயினும் அது சரியான விடையா என்பதை ஆசிரிய உலகம் ஒருமுறை ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் தகும். ஏனெனில், "பிறகு" என்று நாம் ஒத்திவைக்கும் நூல், பெரும்பாலோர் வாழ்வில் பிறகு வருவதே இல்லை.

ஒரு நூல் வயதுக்கு மிஞ்சியது என்னும்போது நாம் இரண்டு வேறு தடைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, சொல்லின் கடுமை. மற்றொன்று, பொருளின் முதிர்ச்சி. அருஞ்சொல்லும் புணர்ச்சியும் செய்யுள் நடையும் முதல்வகைத் தடைகள். இவற்றை நல்லாசிரியர் ஒருவர் ஒரு தவணைக்குள் பெரும்பாலும் தளர்த்திவிடலாம். இரண்டாவது தடை அத்தகையதன்று. இழப்பு, துறவு, நன்றி மறத்தல், அரசியற் சூழ்ச்சி முதலியவற்றை வாழ்ந்து அறியாதவன் சொற்பொருளை மட்டும் அறிந்து என்ன பயன் என்பது கேள்வி. நியாயமான கேள்வியே. ஆனால் இளைஞன் வாழ்ந்து அறியாதவன் என்று நமக்குச் சொன்னவர் யார்?

நம் முன்னோர் இவ்விரு தடைகளையும் எவ்வாறு கையாண்டனர் என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் என்றொரு வழக்கம் நெடுங்காலமாக நிலவிவருகிறது. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். கேட்போர் கூட்டத்தில் முதியோரும் இருப்பர். தாயின் மடியிற் குழந்தையும் இருக்கும். இந்தக் குழந்தைக்கு இந்தப் படலம் ஏற்றதா என்று அங்கே எவரும் வகுத்துப் பிரித்ததில்லை. விளங்கியதை விளங்கிக்கொண்டு, விளங்காததைச் செவியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வளர்ந்தனர். விளங்காதது பின்னொருநாள் தானே விளங்கிற்று.

அந்த மண்ணிலே தோன்றிய ஆறுமுக நாவலர் ஏணிப்படிகளின் அருமையையும் அறிந்திருந்தார். சிறுவர்க்கெனப் படிமுறையில் பாலபாடங்களை ஆக்கினார். செய்யுளை அணுக இயலாதார்க்காக 1852ஆம் ஆண்டிலேயே பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். எனினும் வசனம் வந்துவிட்டது, இனி மூலம் வேண்டா என்று அவர் கருதவில்லை. மூலநூல்களைப் பிழையற அச்சிடும் பணியிலும் தம் வாழ்நாளைச் செலவிட்டார். ஏணி ஏறுவதற்கு உரியது; அதன் நடுப்படியிலே குடியிருப்பதற்கு உரியதன்று. இன்று நம் வகுப்பறைகளில் சுருக்கமும் குறிப்பும் வினாவிடையும் நடுப்படிகளாக நின்றுவிட்டன. மேல்மாடி இருப்பதே பல மாணவர்க்குத் தெரிவதில்லை.

கண்டிப் பிரதேசத்தின் நிலை இன்னும் சுவையானது. இங்குள்ள தமிழ் மாணவர் ஒரே பின்னணியிலிருந்து வருபவரல்லர். தோட்டத்து லயங்களிலிருந்து வருவோர், வடபுலத்திலிருந்து வந்து குடியேறிய ஆசிரியர், வணிகர் இல்லத்தார், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் என முத்திறத்தாரும் ஒரே நகரில் கல்வி பெறுகின்றனர். ஒவ்வொருவரும் பழைய இலக்கியத்துக்குள் நுழைவதற்குத் தமக்கெனத் தனிவாயில் ஒன்றுடன் வருகின்றனர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

தோட்டத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து நிகழ்கின்றது. சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்துபோவதும், இரதி அழுது புலம்புவதும் அதன் கதை. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்துக் காமதகனப் படலத்திற் பாடியதும் இதே கதைதான். இரவு முழுதும் விழித்திருந்து தப்பொலியின் நடுவே இரதியின் ஒப்பாரியைக் கேட்ட பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு அப்படலம் வயதுக்கு மிஞ்சியது என்று எப்படிச் சொல்வது? பொருள் அவளிடம் முன்னமே இருக்கின்றது. சொல் ஒன்றே குறை. லயத்துத் திண்ணையில் பெரிய எழுத்துப் புத்தகங்களை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட பழக்கமும் முன்பு பரவலாக இருந்தது. அல்லியையும் நல்லதங்காளையும் அவ்வாறு அறிந்த குடும்பத்துக்கு பாரதம் அந்நிய வீடன்று.

முஸ்லிம் மாணவனுக்கு உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஒரு வாயில். இந்நகரத்தின் சொந்தச் செல்வமும் அவனுக்கு உண்டு. கண்டியிற் பிறந்த சித்திலெப்பை 1882இல் இங்கிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனப் போற்றப்படும் 'அஸன்பேயுடைய சரித்திர'த்தை வெளியிட்டார். அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் கண்டிக்கே ஒரு கலம்பகம் பாடினார். தான் நாள்தோறும் நடக்கும் நகரம் ஒரு பிரபந்தத்தின் பாட்டுடைத் தலம் என்று அறியும் மாணவனுக்குக் கலம்பகம் என்னும் பெயர் வெறும் இலக்கண வரையறையாய் இராது.

இனி, பொருளின் முதிர்ச்சிக்கு வருவோம். பெருநூல்களின் மாந்தர் வயதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? சிலப்பதிகாரம் தொடங்குகையில் கண்ணகிக்கு வயது பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. விசுவாமித்திரர் வந்து கேட்டபோது இராமனுக்குப் பதினாறும் நிரம்பவில்லை என்கிறார் வான்மீகியார். சேக்சுபியர் படைத்த யூலியத்துக்குப் பதினான்கு நிரம்பவில்லை. பதின்வயதினரைப் பற்றியே எழுந்த காவியங்களைப் பதின்வயதினர்க்கு ஆகாதென்று பூட்டி வைப்பது விந்தையன்றோ!

ஆயினும் எதிர்ப்பக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. ஆங்கில நாட்டு அறிஞர் ஜோன் ஸ்டுவர்ட் மில் மூன்று வயதிற் கிரேக்க மொழி கற்கத் தொடங்கியவர். ஏழாம் வயதில் பிளேட்டோவின் உரையாடல்கள் ஆறினை வாசித்தவர். அவற்றுள் 'தியேட்டேட்டஸ்' என்பதைத் தாம் விளங்கிக்கொண்டிருத்தல் இயலாதென்றும், அதை விட்டிருத்தலே நன்றென்றும் அவரே பிற்காலத்துச் சுயசரிதையில் எழுதினார். இருபதாம் வயதில் அவர் உள்ளம் வறண்டு பெருஞ்சோர்வுற்றார்; அச்சோர்வு தீர அவருக்கு உதவியவற்றுள் ஒன்று வேட்சுவர்த்தின் கவிதை. தந்தை திணித்த நூல் வேறு. தானே தேடிக் கண்ட நூல் வேறு. எனவே வயதுக்கு மிஞ்சிய நூல் தீங்கு செய்வதில்லை என்பதன்று நம் வாதம். திணித்தலே தீங்கு, கேட்பவனுக்கு மறுத்தலும் அதற்கு இளைத்த தீங்கன்று.

கேட்டவனுக்குக் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு உ. வே. சாமிநாதையர் வாழ்க்கையே சான்று. 1871இல், பதினாறு வயதில், அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் எனப் பசித்தவன் உண்பதுபோலப் பாடங்கேட்டார். அந்தப் பசி இளமையிலே கிளறப்பட்டிராவிடில், 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் "சிந்தாமணி படித்ததுண்டா?" என்று வினவியபோது அவ்வினா அவரைச் சுட்டிராது. சுட்டதனாலன்றோ 1887இல் சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறின!

அப்புறநானூற்றிலிருந்தே இரண்டு பாட்டுகளை எண்ணிப் பார்ப்போம். ஒன்று, பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடி. சென்ற திங்களின் நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் இருந்தது. இந்தத் திங்களின் நிலவில் இரண்டும் இல்லை என்பது அதன் கருத்து. பாடியவர் மணமாகாத இளம் பெண்கள். மலையைத் தவிர வேறு ஊரறியாத குடும்பங்கள் வாழும் நாட்டில் இப்பாட்டுக்கு உரை வேண்டுமா? 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. பின்வந்த ஆண்டுகளிற் பல குடும்பங்கள் தாம் பிறந்த குன்றுகளை விட்டுத் தலைமன்னார் வழியே கப்பலேறின. இன்று தோட்டத்துப் பாடசாலையில் இருக்கும் மாணவியின் பாட்டியிடம் கேட்டால், கப்பலேறிய தமக்கையின் கதை ஒன்று இருக்கக்கூடும். அப்பாட்டை அவளுக்கு விளக்குவதற்கு ஆசிரியரினும் பாட்டி வல்லவள்.

மற்றொன்று, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பெண், பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகின்றாள். இதனை வீரத்தாயின் சிறப்பு என்று குறிப்பெழுதி, மதிப்பெண் பெற்று, கடந்துவிடலாம். ஆனால் 1983 முதல் 2009 வரை போர் நிகழ்ந்த நாட்டில் வாழும் பதினாறு வயது மாணவன், "அந்தத் தாய் செய்தது சரியா ஐயா? அந்தப் பையனை யாராவது கேட்டார்களா?" என்று வினவினால் ஆசிரியர் என்ன சொல்வார்? குறிப்பேட்டில் அதற்கு விடையில்லை. அவ்வினா எழுவதற்காகவே இரண்டாயிரம் ஆண்டுகளாக அப்பாட்டு உயிரோடிருக்கின்றது போலும். புலவர் அத்தாயைப் போற்றினாரா, அன்றி அவள் துணிவைக் கண்டு நடுங்கினாரா என்று வகுப்பு முழுதும் ஆராயட்டும். இத்தகைய வினா பெரியவர்க்கே கடினமானது. ஆகவே மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் இடையே வயது வேறுபாடு அங்கே மறைந்துவிடுகிறது.

இனிச் செய்யத்தக்கவை சில. முதலாவது, கண்ணுக்கு முன் செவிக்குக் கொடுத்தல். பேராதனையிற் பயின்ற பேராசிரியர் கைலாசபதி, சங்கப் பாடல்கள் பாணர் வாய்மொழி மரபிற் பிறந்தவை என்று 1968இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். வாய்க்கென எழுந்த பாட்டை வாய்விட்டு வாசித்தாலே பாதி விளங்கும். இரண்டாவது, சந்தி பிரித்த பதிப்பு. மர்ரே எஸ். ராஜம் 1950களில் பழைய நூல்களைச் சந்தி பிரித்து ஒரு ரூபாய் விலையில் வெளியிட்டார். கடுமையென்று தோன்றிய செய்யுள் பல கண்ணுக்கு எளிதாயின. மூன்றாவது, நூல் கைக்கெட்டுதல். மதுரைத் திட்டம் 1998 முதலும், நூலகம் திட்டம் 2005 முதலும் பழந்தமிழ் நூல்களையும் ஈழத்து நூல்களையும் கட்டணமின்றி இணையத்தில் வைத்துவருகின்றன. நகரத்து நூலகத்துக்கு இறங்கிவர வாகன வசதியற்ற பிள்ளைக்கும் கைத்தொலைபேசியிற் கம்பன் கிடைக்கின்றான். கிடைக்கின்றான் என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும்; அவ்வளவே.

நான்காவது, விளங்காமையைப் பொறுத்தல். இதுவே எல்லாவற்றினும் அரிது. மாணவன் பாதி விளங்கி வாசிப்பதைக் கண்டு நாம் பதறவேண்டியதில்லை. ஐம்பது வயதில் கம்பனைத் திறக்கும் நாமும் பாதிதானே விளங்கி வாசிக்கின்றோம்! பதினைந்தில் விளங்கிய பாதி ஒன்று. ஐம்பதில் விளங்கும் பாதி வேறொன்று. இரண்டையும் ஒருவனே பெறவேண்டுமாயின், அவன் பதினைந்திலும் அந்நூலைத் திறந்திருக்கவேண்டும்.

ஆதலால், அடுத்தமுறை ஒரு மாணவன் வந்து, "முழு நூலையும் வாசிக்கலாமா?" என்று கேட்கும்போது, ஆசிரியப் பெருமக்களே, அலுமாரியின் திறப்பை எடுத்து அவன் கையிற் கொடுங்கள். பரீட்சைக்கு இன்னும் நாளிருக்கிறது. அந்த வினா அவன் வாயில் இன்னொருமுறை பிறக்கும் என்பதற்கு மட்டும் உறுதியில்லை.