பாட்டின் புதிரும் விளம்பரப் பிழையும்

செவியிற் புகும் சொல்லெல்லாம் சிந்தையிற் புகுவதில்லை. பாட்டைக் கேட்பார் பலர். பாட்டின் சொல்லைக் கேட்பார் சிலரே. சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய ராக் இசையைப் பற்றிய சிறு செய்திகளைத் திரட்டுதலும், அப்பாட்டுக்களின் புதிர்களை விடுவித்தலும், விளம்பரப் பிழைகளைக் கண்டு நகைத்தலும் வீண் பொழுதுபோக்கென்று எண்ணுவார் உளர். அவை செவியையும் அறிவையும் ஒருங்கே தீட்டும் பயிற்சியாம் என்பதை ஈண்டுச் சில சான்றுகளால் விளக்கப் புகுகின்றோம்.

பாட்டின் சொல்லைத் தவறாகக் கேட்டு, அத்தவற்றிற்கு ஒரு பொருளும் கற்பித்துக் கொள்வதற்கு ஆங்கிலத்தில் ‘மாண்டகிரீன்’ என்று பெயர். 1954-ஆம் ஆண்டில் ‘ஹார்ப்பர்ஸ்’ என்னும் அமெரிக்கப் பத்திரிகையில் இப்பெயரைப் படைத்து வழங்கியவர் சில்வியா ரைட் அம்மையார். பழைய ஸ்காத்லாந்துக் கதைப்பாட்டு ஒன்றில், கொலையுண்ட பிரபுவைப் புல்தரையிற் கிடத்தினர் என்று வருகிறது. இளமையில் அதனைக் கேட்ட அம்மையார், ‘லேடி மாண்டகிரீன்’ என்னும் சீமாட்டி ஒருத்தியும் பிரபுவோடு மாண்டாள் என்றே கருதியிருந்தார். பிறவாத சீமாட்டி இறந்தே புகழ் பெற்றாள்!

ராக் பாட்டில் இத்தகைய மயக்கம் மிகுதி. முழங்கும் வாத்தியங்கள் மெல்லிய மெய்யொலிகளை மறைத்து விடுகின்றன. மறைந்த இடத்தை மனம் தான் எதிர்பார்க்கும் சொல்லால் நிரப்பிக் கொள்கிறது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967-இல் வெளியிட்ட ‘பர்ப்பிள் ஹேஸ்’ என்னும் பாட்டில், வானத்தைக் குறிக்கும் சொல்லை ஓர் ஆடவனைக் குறிப்பதாகக் கேட்டுச் சிரித்தவர் பலர்.

சொல்லிலன்றி ஒலியிலும் புதிருண்டு. பீட்டில்ஸ் குழுவினர் 1964-இல் பாடிய ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ என்னும் பாட்டு, ஒரே முழக்கமாய் எழும் ஒரு சுரக்கூட்டுடன் தொடங்குகின்றது. அதில் எவ்வெச் சுரங்கள் அடங்கியுள என்று இசைவாணர் பல்லாண்டுகள் வழக்காடினர். ஜார்ஜ் ஹாரிஸன் மீட்டிய பன்னிரண்டு தந்திக் கித்தாரால் மட்டும் அவ்வொலி அமையவில்லை. கனடா தேசத்து டல்ஹவுஸி சர்வகலாசாலையின் கணித ஆசிரியர் ஜேஸன் பிரௌன் என்பார், ஓர் ஒலியை அதன் பல அதிர்வுகளாகப் பிரித்துக் காணும் பூரியே கணிதமுறையை இதற்குப் பயன்படுத்தி, ஒரு பியானோவும் உடன் ஒலித்ததெனக் காட்டினார். அவர் கணக்கின் சில பகுதிகளை மறுப்பாரும் உளர். எனினும், சில விநாடி ஒலியொன்று கணித சாஸ்திரத்தையே வேலைக்கு அழைத்ததன்றோ!

இனி விளம்பரத்திற்கு வருவோம். இங்கே பாதி கேட்டலின் தீமை விளங்கும். வியட்நாம் யுத்த காலத்தில், 1969-இல், ‘கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்’ குழுவின் ஜான் போகர்ட்டி ‘பார்ச்சுனேட் ஸன்’ என்னும் பாட்டை இயற்றினார். செல்வர் புதல்வர் போருக்குத் தப்ப, எளியோர் புதல்வர் களம் புகும் அநீதியைச் சாடுவது அது. பிற்காலத்தில் ‘ராங்க்ளர்’ கால்சட்டை விளம்பரம் ஒன்று, கொடியைப் பற்றிய அதன் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்டனம் எழுமுன் நிறுத்திவிட்டது. சினப்பாட்டு தேசபக்திப் பாட்டாகத் தோன்றிற்று! பாட்டின் உரிமை தம் கையில் இன்மையால் போகர்ட்டியால் அதனைத் தடுக்க இயலவில்லை. வெளிப்படையாக வருந்திக் கூறவே இயன்றது. இது நகைப்பிற்கு மட்டும் உரிய பிழையன்று. மாண்டவர் பொருட்டு எழுந்த குரலை மறைத்த பிழை.

கடைத்தெருவின் பிழைகளோ பெரும்பாலும் தீங்கற்றவை. ‘குழந்தைகள் தோல் செருப்பு மலிவாகக் கிடைக்கும்’ என்று ஒரு பலகை கூறுமாயின், செருப்பு யாருக்கு, தோல் யாருடையது என்று படிப்பவர் நடுங்கவேண்டி வரும். ‘குழந்தைகளுக்கேற்ற’ என்றெழுதின் அச்சம் நீங்கும்.

ஆயினும் பிறர் பிழையைச் சொல்லி மகிழ்வோரும் பிழைபடுதல் உண்டு. ‘நோவா’ என்பதற்கு ஸ்பானிய மொழியில் ‘ஓடாது’ என்று பொருளாதலால், ‘செவ்ரோலே நோவா’ என்னும் மோட்டார் வண்டி அம்மொழி வழங்கும் நாடுகளில் விலைபோகவில்லை என்னும் கதை வியாபாரப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. உண்மையில், ‘ஓடாது’ என்பது அம்மொழியில் இரு சொல். அதன் அழுத்தமும் வேறு. அவ்வண்டி மெக்ஸிகோவிலும் வெனிஸூலாவிலும் நன்றாகவே விற்றது. சுவையாயிருத்தல் ஒன்றே மெய்க்குச் சான்றாகாது.

ஆதலின் மாணவ நண்பர்களே! பாட்டை இறுதிவரை கேண்மின். பலகையை இருமுறை படிமின். நகைக்குமுன் கதையை ஆராய்மின். விளையாட்டிற் பழகிய இக்கவனம், பிறர் குறையைக் கேட்கவேண்டிய நாளிலும் நமக்குத் துணைநிற்கும்.