வெந்நீர் யார் கணக்கில்?

ஷாம்பு, சோப்பு, சலவைத்தூள் விற்கும் நிறுவனத்தின் கரிம வெளியேற்றம் மூன்று பிரிவாகக் கணக்கிடப்படுகிறது. ஆலைக் கொதிகலனிலும் சொந்த வண்டிகளிலும் எரியும் எரிபொருள் முதல் பிரிவு. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. பாமாயில் தோட்டம், பிளாஸ்டிக் புட்டி, கப்பல், கடை, வாங்கியவரின் குளியலறை என மற்றதெல்லாம் மூன்றாவது. பெரும்பங்கு இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. “வெளியேற்றத்தைப் பாதியாகக் குறைத்தோம்” என்று ஒரு நிறுவனம் சொன்னால், எந்தப் பிரிவில் என்று தெரியாதவரை அதற்குப் பொருளில்லை.

சிங்கப்பூரின் பிடோக்கில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை எடுத்துக்கொள்வோம். குளியலறைச் சுவரில் 3.3 கிலோவாட் ஹீட்டர். பத்து நிமிடம் வெந்நீர் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் போகிறது. சிங்கப்பூர் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. ஆக, ஒரு குளியலுக்கு 200 கிராமுக்கு மேல். தலையில் தேய்த்த ஷாம்புவோ சில கிராம்தான்.

இந்த வெந்நீரை யார் கணக்கில் எழுதுவது? சோப்பு, ஷாம்பு விற்கும் யூனிலீவர் நிறுவனம் 2010-இல் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. பொருளின் முழு ஆயுளிலும் ஏற்படும் வெளியேற்றத்தை 2020-க்குள் பாதியாக்குவதாக அறிவித்தது. அதுவும் ஒரு முறை பயன்பாட்டுக்கு இவ்வளவு என்ற அளவில்தான். விற்பனை பெருகினால் மொத்தம் கூடலாம். ஆலைகளில் நன்றாகக் குறைந்தது, குளியலறையில் இலக்குக்கு ஏற்றபடி குறையவில்லை. கெடு 2030-க்குத் தள்ளிப்போனது. 2020-இல் வந்த புதிய வாக்குறுதி, 2039-க்குள் நிகர சுழியம், மூலப்பொருளில் தொடங்கிக் கடை அலமாரியோடு நின்றுவிடுகிறது. வெந்நீரைச் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம் என்றே அனைத்துலகக் கணக்கு விதியும் சொல்வதால் இதில் விதிமீறல் இல்லை. ஆனாலும் 2010-இன் இலக்கே நேர்மையான அளவுகோல். எட்ட முடியாமல் போனதும் அதனால்தான்.

2024-இல் யூனிலீவர் வெளியிட்ட திட்டம் முதலிரு பிரிவுகளை 2015-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் முழுதும் நீக்கச் சொல்கிறது. மூன்றாம் பிரிவுக்கு அடிப்படை ஆண்டு 2021: எரிசக்தி, தொழில்துறை சார்ந்ததில் 42 விழுக்காடு, காடு, நிலம், வேளாண்மை சார்ந்ததில் 30.3 விழுக்காடு குறைப்பு. அடிப்படை ஆண்டுகள் வேறானதால் இவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கக் கூடாது. நிலத்துக்குத் தனி இலக்கு வைத்தது பாராட்டத் தக்கது.

நிலம் என்றால் என்ன என்று சிங்கப்பூரர்களுக்கு மூக்கே சொல்லும். 2015-இல் சுமத்ராவின் கரிநிலங்கள் எரிந்து புகைமூட்டம் சூழ்ந்தது. செப்டம்பர் 25 அன்று பள்ளிகள் மூடப்பட்டன. அக்டோபரில் ஃபேர்பிரைஸ் உள்ளிட்ட பேரங்காடிகள், அந்தத் தீயோடு தொடர்புபடுத்தப்பட்ட ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் நிறுவனத்தின் பொருள்களை விற்பனையிலிருந்து எடுத்தன. மூன்றாம் பிரிவு, கடை அலமாரியில் காலி இடமாகவே கண்ணுக்குத் தெரிந்த நாள்கள் அவை.

சிங்கப்பூரின் விதிகள் இந்தப் பிரிவை எட்டுகின்றனவா? கரிம வரி 2019-இல் டன்னுக்கு 5 வெள்ளி. 2024-இல் 25, 2026-இல் 45. ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கு மேல் நேரடியாக வெளியேற்றும் ஆலைகளுக்கே அது பொருந்தும். இறக்குமதியாகும் சோப்பு வெளிநாட்டு ஆலையில் விட்ட புகையை அது தொடுவதில்லை. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் நிறுவனங்கள் 2025 நிதியாண்டு முதல் முதலிரு பிரிவுகளை வெளியிட வேண்டும். யூனிலீவரின் பங்கு லண்டனிலும் கோல்கேட்டின் பங்கு நியூயார்க்கிலும் விற்பனையாவதால், பிடோக் அலமாரியில் உள்ள அவற்றின் பொருள்களுக்கான கணக்கை அந்நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில்தான் தேட வேண்டும்.