கொடியை மடித்து வைக்கும் முறை

ஆகஸ்டு 15ஆம் நாளும் ஜனவரி 26ஆம் நாளும் நமது சங்கங்களில் கொடியேற்று விழா குறைவின்றி நடைபெற்று வருகிறது. தலைவர் கொடியேற்றுகிறார், குழந்தைகள் பாடுகிறார்கள், மிட்டாய் வழங்கி வந்தனம் கூறிக் கலைகிறோம். மாலையில் அக்கொடியை இறக்குகிறவர் யார், இறக்கியபின் அது எங்கே போகிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நூம்பலிலிருந்து அங்கத்தினர் ஒருவர் இதைக் குறித்தே நமக்கு எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் சுருட்டி அலமாரியில் வைத்த கதர்க் கொடியை ஜனவரியில் எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பட்டையில் கரும்புள்ளிகள் படிந்திருக்கின்றனவாம். மடிப்பதற்கு ஒரு விதி உண்டா, துணி கெடாமல் வைக்க வழி உண்டா என்பது அவருடைய கேள்வி. நூல் நூற்பவரும் நெய்பவரும் பருத்தி விளைவிப்பவரும் வாசிக்கும் பத்திரிகையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுவது தகும் என்று கருதுகிறோம்.

விதி உண்டு. 2002ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு, கொடியைக் கெடுக்கும்படியாகவோ அழுக்காக்கும்படியாகவோ பயன்படுத்தலாகாது, அவ்வாறு சேமித்து வைக்கவும் கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது. ஆகவே அலமாரிக்குள் நடப்பதும் விதிக்கு உட்பட்டதே. ஆனால், மடிப்பது எப்படி என்று அத்தொகுப்பு நீளமாக எடுத்துச் சொல்வதில்லை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் வீடுதோறும் கொடியேற்றும் இயக்கம் நடந்தபோது, மத்திய சர்க்கார் நான்கு படங்களால் அதை விளக்கி வெளியிட்டது. கொடியைக் கிடையாக விரிப்பது முதற்படி. காவிப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் வெள்ளைப் பட்டையின் அடியில் மடிப்பது இரண்டாவது. அசோகச் சக்கரமும், காவி பச்சை இவற்றின் சிறு பகுதிகளும் மட்டும் தெரியும்படி வெள்ளைப் பட்டையை மடிப்பது மூன்றாவது. மடித்த கொடியை உள்ளங்கைகளிலோ முன்கைகளிலோ ஏந்திச் சென்று வைப்பது நான்காவது.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பார்க்கும்போது கை தடுமாறும். ஆதலால் சங்கங்களில் பெரும்பாலும் வாங்கும் 900 மில்லிமீட்டர் நீளமும் 600 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கொடியை வைத்துக்கொண்டு கணக்காகவே சொல்லிவிடுகிறோம். எந்த அளவுக் கொடியாயினும் நீளமும் அகலமும் 3க்கு 2 என்னும் விகிதத்தில் இருப்பதால், இந்தக் கணக்கைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம்.

முதலில் ஒரு மேஜையைத் துடைத்து அதன்மேல் வெளுத்த துணி ஒன்றை விரிக்க வேண்டும். தரையில் பாய் போட்டு மடிப்பது நமது வழக்கத்துக்குச் சுலபமாயினும், கொடி தரையைத் தொடலாகாது என்பதால் மேஜையே நல்லது. இருவர் எதிரெதிரே நின்று, காவி ஒருவர் பக்கமும் பச்சை மற்றவர் பக்கமுமாக விரித்துப் பிடிக்க வேண்டும். இந்த அளவுக் கொடியில் ஒவ்வொரு பட்டையும் 200 மில்லிமீட்டர் அகலம். இதில் பலரும் செய்வது, பட்டைகள் சேரும் தையலின் மேலேயே மடிப்பது. அப்படிச் செய்யலாகாது. தையலில் துணி பல மடங்காகத் தடித்திருக்கிறது. அங்கேயே மீண்டும் மீண்டும் மடித்தால் முதலில் போவது தையல் நூல். தையலுக்கு அப்பால் காவியில் ஓர் அங்குலமும் பச்சையில் ஓர் அங்குலமும் விட்டு மடித்தால் தையலும் பிழைக்கும். இரு நிறங்களின் பகுதியும் வெளியே தெரிய வேண்டும் என்ற முறையும் நிறைவேறும். மீதியுள்ள ஏழு அங்குலம் வீதம் இருபுறமும் அடியில் சென்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இப்போது நடுவே வெள்ளையும் விளிம்புகளில் காவியும் பச்சையுமாக 250 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நீண்ட பட்டை கிடைக்கிறது.

அடுத்து நீளத்தை மூன்று சம பாகமாகக் கொள்ள வேண்டும். காற்றில் பறக்கும் ஓரத்துப் பாகத்தை முதலில் அடியில் மடித்து, கயிறு கோத்த ஓரத்துப் பாகத்தை அதற்கும் அடியில் மடிக்க வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கயிறு செல்லும் ஓரம் தடித்த துணியால் ஆனது. கயிற்றின் நுனியில் மரக்கட்டையும் இருக்கும். அது உள்ளே அகப்பட்டால் சக்கரத்தின் மேல் அழுந்தித் தழும்பு விழும். அடியில் கடைசியாக வந்தால் அந்தத் துன்பம் இல்லை. முடிவில் 300 மில்லிமீட்டருக்கு 250 மில்லிமீட்டர் அளவில் ஒரு பொதி கையில் இருக்கும். அதன் நடுவே 185 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் 24 ஆரங்களுடன் முழுமையாகத் தெரியும்.

தனியே ஒருவர்தாம் இருக்கிறார் என்றால் வேறொரு வழி உண்டு. சக்கரம் கொடியின் இருபுறமும் இருப்பதால், அடியில் மடிப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் அதே வரிசையில் மேற்புறமாகவே மடித்து, முடிந்தபின் இரு உள்ளங்கைகளாலும் எடுத்துத் திருப்பி வைத்துவிடலாம். பலன் ஒன்றேதான். மற்ற நாடுகளில் முறை வேறு. அமெரிக்க நாட்டில் கொடியை முக்கோணமாக மடித்து, நீல நிறமும் நட்சத்திரங்களும் மட்டும் தெரியும்படி முடிப்பார்கள். நமது முறையில் நடுவில் உள்ளது வெளியே நிற்கிறது.

இது சேமிப்புக்கான மடிப்பு. ஏற்றுவதற்கு முன் மலரிதழ் வைத்துக் கட்டும் மடிப்பு வேறு. கொடியில் எந்தப் பொருளையும் வைத்துச் சுமக்கலாகாது என்பது விதியாயினும், விசேஷ நாட்களில் விரிப்பதற்கு முன் மலரிதழ் வைப்பதற்கு மட்டும் விதித்தொகுப்பு இடம் தருகிறது. பூவிருந்தவல்லிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பூவைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பூ என்பதில் கவனம் வேண்டும். தண்ணீர் தெளித்த ரோஜா இதழும் நனைந்த துலுக்கச் சாமந்தியும் வெள்ளைத் துணியில் கறை ஏற்றிவிடும். முந்தின நாளே இதழ்களை உதிர்த்து நிழலில் பரப்பி ஈரம் போக்கி, ஒரு பிடி அளவே வைத்தால் போதும். கட்டும் நூல் மெல்லிய பருத்தி நூலாக இருப்பது உத்தமம். முடிச்சு இழுத்தால் அவிழும் சுருக்காக இருக்க வேண்டும். தலைவர் இழுக்க இழுக்கக் கொடி அவிழாமல் கூட்டம் முழுதும் அண்ணாந்து நிற்கும் காட்சியை ஊருக்கு ஊர் காண்கிறோம். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சுற்று அதிகமாகப் போட்ட முடிச்சே. கட்டுமுன் காவி ஓரம் மேல் கயிற்றில் இருக்கிறதா என்று இருவர் பார்த்துவிட வேண்டும். தலைகீழாய் ஏறிய கொடியைப் பிறகு யார் மன்னித்தாலும் புகைப்படம் மன்னிப்பதில்லை.

இனி நூம்பல் அன்பரின் கரும்புள்ளிக்கு வருவோம். ஆகஸ்டு 15க்கும் ஜனவரி 26க்கும் நடுவே என்ன இருக்கிறது? வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. கூவம் ஆறு அருகே ஓடும் திருவேற்காடு, நூம்பல் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுவரே வியர்க்கும். மாலைப் பனியிலோ தூறலிலோ இறக்கிய கொடியை அப்படியே சுருட்டி இரும்பு அலமாரியில் அடைத்தால், பருத்தி இழையில் நின்ற ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. கரும்புள்ளி அதுதான், வந்தபின் அதை முழுதும் போக்குவது அரிது. ஆகவே இறக்கிய கொடியை அன்றே மடிக்காமல், அறைக்குள் கொடிக்கயிறு கட்டி ஓர் இரவு நிழலில் உலரவிட்டு மறுநாள் மடிப்பது நலம். கஞ்சி போடலாகாது, கஞ்சிப் பசை இருந்தால் பூச்சி வந்து அரிக்கும். மடித்த கொடியைக் கஞ்சியில்லாத வெளுத்த மல் துணியில் சுற்றி, சுவரைத் தொடாத மேல் தட்டில், மேலே பாரம் ஏற்றாமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைப்பது ஈரத்தை உள்ளே சிறை வைப்பதாகும். பாச்சை உருண்டை வைப்பவர் அது துணியைத் தொடாதபடி தனிப் பொட்டலமாக வைக்கவும்.

இன்னொன்றும் உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலை வைத்திருக்கும் வீட்டுப் பெண்மணிகள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேலையை வெளியே எடுத்து மடிப்பை மாற்றி வைப்பார்கள். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு விட்டுப்போகும் என்பது அவர்கள் அனுபவம். கொடிக்கும் அதே நியாயந்தான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கொடி வெளியே வருகிறது. ஒவ்வொரு முறையும் மடிப்புக் கோட்டை ஒரு விரல் தள்ளிப் போட்டால் இழைக்கு ஆயுள் நீளும்.

மடிக்கவே கூடாத கொடியும் ஒன்று நம்மிடையே இருக்கிறது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விடியற்காலையில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றப்பட்ட கொடி, இன்றும் அக்கோட்டையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூய பட்டினால் ஆனது. 12 அடி நீளம், 8 அடி அகலம். 2013ஆம் ஆண்டில்தான் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. கண்ணாடிப் பேழைக்குள் அதை விரித்தே வைத்திருக்கிறார்கள். பழைய பட்டுக்கு மடிப்பும் வெளிச்சமும் ஈரமும் மூன்று பகைகள். நூம்பலிலிருந்து பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியாகக் கோட்டைக்குப் போகும் நெசவாளத் தோழர்கள் ஒரு முறை உள்ளே சென்று அந்தத் துணியைப் பார்த்து வர வேண்டும்.

படையில் உயிர்நீத்தவர்களின் குடும்பங்களிலும் இத்தகைய கொடி உண்டு. பேழையின் மேல் காவி தலைப்பக்கம் வரப் போர்த்திய கொடியைச் சிதையிலோ குழியிலோ இடுவதில்லை. அதை எடுத்து மடித்துக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கிறார்கள். அது திரும்பக் கம்பத்தில் ஏறுவதில்லை. ஆதலால் பெட்டியிலேயே பல்லாண்டுகள் கிடக்கும். அத்தகைய கொடியை மடிப்பதைவிட, வெளுத்த துணி சுற்றிய பருத்த உருளை ஒன்றில் தளர்வாகச் சுற்றி வைப்பதே மேல். மடித்தேதான் வைப்போம் என்பவர்கள் மடிப்புக்குள் மெல்லிய துணிச் சுருள் கொடுத்துக் கோடு கூர்மையாகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இதுவரை கைநூல் துணியை மனத்தில் வைத்தே எழுதினோம். 2002ஆம் ஆண்டு விதித்தொகுப்பும் கையால் நூற்றுக் கையால் நெய்த பருத்தி, கம்பளி, பட்டுக் கதரையே கொடிக்கு உரியதாகக் கூறியது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் செய்த திருத்தத்தால் இயந்திரத்தில் செய்ததும் பாலியெஸ்டர் துணியும் அனுமதிக்கப்பட்டன. குறைந்த விலையில் வீடுதோறும் கொடி சென்றது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஹூப்ளி நகரத்துப் பெங்கேரியில், தர முத்திரை பெற்ற கதர்க் கொடிகளைத் தைத்து நாடெங்கும் அனுப்பும் கர்நாடக காதி கிராமோத்யோக சம்யுக்த சங்கம், இத்திருத்தத்தை 2022ஆம் ஆண்டில் வெளிப்படையாக எதிர்த்தது. 1957இல் தோன்றிய அச்சங்கத்தை நம்பி நூற்பவரும் நெய்பவரும் தைப்பவரும் வாழ்கின்றனர். அவர்கள் வருத்தம் நமது வருத்தமுமாகும். சுதந்திரத்துக்குப் பின் நாட்டில் வகுக்கப்பட்ட தரநிர்ணயங்களில் முதல் எண் பெற்றது தேசியக் கொடிக்கானதே. நூல், சாயம், தையல் யாவற்றுக்கும் அதில் அளவு உண்டு. அந்த அளவுக்கு நெய்து பழகிய கைகளை வேலையின்றி விடுவது சிக்கனம் ஆகுமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 1932ஆம் ஆண்டு ஜனவரியில் திருப்பூரில் அடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடாத குமரன், சென்னிமலை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அன்று அவர் பிடித்திருந்த கொடியின் நடுவே சக்கரம் அல்ல, இராட்டை இருந்தது. 1947 ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை இன்றைய கொடியை ஏற்றபோதுதான் இராட்டைக்குப் பதிலாக அசோகச் சக்கரம் வந்தது.

பாலியெஸ்டர் கொடி வைத்திருப்பவர்களுக்கும் மடிக்கும் முறை மேற்சொன்னதே. துணி வழுக்குவதால் ஒவ்வொரு மடிப்பையும் உள்ளங்கையால் அழுத்தி நிறுத்த வேண்டும். இஸ்திரிப் பெட்டியை அதிகச் சூட்டில் வைத்தால் துணி சுருங்கிப் போகும்.

2022ஆம் ஆண்டு ஜூலையில் வந்த மற்றொரு திருத்தத்தின்படி, பொதுமக்கள் திறந்த வெளியில் ஏற்றும் கொடியை இரவிலும் இறக்காமல் பறக்கவிடலாம். சட்டம் இடங்கொடுக்கிறது என்பதற்காக மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் விட்டுவிடுவது சரியன்று; கிழிந்த கொடியைப் பறக்கவிடுவது விதிக்கு மாறானது. சில தெருக்களில் ஆகஸ்டில் ஏறிய கொடி நூல் நூலாகப் பிரிந்து தீபாவளி வரை தொங்கக் காண்கிறோம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொடியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். அலட்சியத்தால் கிழியவிடுபவரை அச்சட்டத்தின் பெயரால் நாம் பயமுறுத்த விரும்பவில்லை. இறக்கி மடித்து வையுங்கள் என்றே வேண்டுகிறோம்.

மடித்து வைக்கவும் இயலாதபடி நைந்துபோன கொடியை என்ன செய்வது? குப்பையில் இடலாகாது, கைத்துணியாகவோ மூட்டை கட்டவோ வெட்டலாகாது. தனியிடத்தில், முழுக் கொடியாகவே, மரியாதையுடன் அழித்துவிட வேண்டும். எரிப்பதே பெரும்பாலும் ஏற்றது என்கிறது விதித்தொகுப்பு. பருத்திக் கொடி நிமிஷத்தில் எரிந்து சாம்பலாகிவிடும். பாலியெஸ்டர் கொடி உருகிச் சொட்டும், கரும்புகை விடும். ஆதலால் திறந்த வெளியில், குழந்தைகளை விலக்கி, எட்ட நின்றே அதைச் செய்ய வேண்டும். விழாவில் குழந்தைகள் கையில் கொடுக்கும் காகிதக் கொடிகளுக்கும் இவ்விதி பொருந்தும். கூட்டம் கலையும் வழியில் ஒரு கூடை வைத்து அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சங்கக் காரியதரிசிகள் ஏற்பாடு செய்யலாம்.