கண்ணிமையில் ஒரு மடிப்பு

கண்ணைத் திறக்கும்போது மேலிமையின் தோல் ஒரு கோடாக உள்வாங்கி மடிவதைக் கண்ணாடியில் காணலாம். நம்மிற் பலர் இம்மடிப்பைக் கவனிப்பதே இல்லை. ஆயின் ஜப்பான், கொரியா, சீனா முதலிய கிழக்காசிய நாடுகளில் இச்சிறு கோட்டின் பொருட்டு இளைஞரும் யுவதிகளும் பெருந்தொகையினராக ரண சிகிச்சை செய்துகொள்கின்றனர். அந்நாட்டு மக்களில் பலருக்கு இம்மடிப்பு பிறவியிலேயே உண்டு; பலருக்கு இல்லை. மடிப்பு உள்ளதை இரட்டை இமை என்றும், இல்லாததை ஒற்றை இமை என்றும் வழங்குவர். இச்சிகிச்சை எத்தகையது, அது யாருக்குத் தேவை என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

மடிப்பு தோன்றும் விதம்

மேலிமையை உயர்த்துவதற்கென ஒரு தசை உண்டு. அதன் முனை அகன்ற தகடாக விரிந்து இமைக்குள் இறங்குகிறது. அத்தகட்டினின்றும் பிரியும் நுண்ணிய இழைகள் தோலைப் பற்றியிருப்பின், தசை சுருங்கும்போது தோலும் உள்ளிழுக்கப்பட்டு மடிகிறது. ஒற்றை இமையில் இவ்விழைகள் தோலை அடைவதில்லை, அல்லது மிகத் தாழ்வாகவே பற்றுகின்றன. கண்குழியிலுள்ள கொழுப்பும் இமையில் தாழ இறங்கியிருப்பதால் இமை சற்றுப் பருத்துத் தோன்றுகிறது. பலருக்கு மூக்கையடுத்த கண்முனையை ஒரு தோல் மடிப்பு மறைத்திருப்பதும் உண்டு. இவை யாவும் உடலமைப்பின் இயற்கையான வேறுபாடுகளே. மடிப்பில்லாமையால் மட்டும் பார்வை குன்றுவதில்லை, விழியும் சிறுத்துவிடுவதில்லை.

சிகிச்சையின் வரலாறு

1896-ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர் மிகாமோ இம்முறையை முதன்முதலாக எழுதி வெளியிட்டார். ஒரு கண்ணில் மட்டும் மடிப்பில்லாத ஒரு பெண்ணுக்குப் பட்டு நூலால் தையலிட்டு, இரு கண்களையும் ஒத்திருக்கச் செய்தார். கொரியப் போர் ஓய்ந்தபின், 1954-இல் அங்குச் சென்ற அமெரிக்க ரண சிகிச்சை நிபுணர் ரால்ஃப் மில்லார்டு இச்சிகிச்சையைக் கொரியருக்குச் செய்து, அது பற்றி எழுதினார். அவரை நாடி வந்தவர்களுள் ஒருவர் கொரிய மொழிபெயர்ப்பாளர். தம் கண்களின் தோற்றத்தால் அமெரிக்கர் தம்மை நம்ப மறுக்கின்றனர் என்பதே அவர் கூறிய காரணமாகும். அவர் கண்ணில் யாதொரு நோயும் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் இச்சிகிச்சையை விரும்புவோர் யாவரும் மேனாட்டு முகத்தையே நாடுகின்றனர் என்று கருதுவதும் தவறாகும். தம் நாட்டவரிடையே இயல்பாகக் காணப்படும் ஓர் அமைப்பைத் தாமும் பெற விழைவோர் பலர்.

சிகிச்சை முறைகள்

முதலாவது தையல் முறை. தோலில் நுண்துளைகளிட்டு, நூலைச் செலுத்தி, தோலை இமையின் ஆழ்ந்த பகுதியுடன் பிணைக்கின்றனர். மெல்லிய இமைக்கு இது ஏற்றது. வீக்கம் விரைவில் தணியும். ஆயின் பிணைப்புத் தளர்ந்து மடிப்பு மறைந்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது கீறல் முறை. மடிப்பு அமைய வேண்டிய கோட்டில் தோலைக் கீறி, தேவைப்படின் மிகுதியான தோலையும் கொழுப்பையும் சிறிது நீக்கி, தோலைத் தசைத் தகட்டுடன் இணைத்துத் தைக்கின்றனர். இது நிலைத்து நிற்கும். ஆனால் வடு உண்டாகும், வீக்கம் முற்றும் அடங்கப் பல மாதங்கள் செல்லும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது சிறு கீறல் முறை. கண்முனையிலுள்ள தோல் மடிப்பை விடுவிக்கும் சிகிச்சையும் சில வேளைகளில் உடன் செய்யப்படுகிறது. இதன் வடு முகத்தின் நடுவே அமைவதால் மிகுந்த கவனம் வேண்டும். சிகிச்சையை விரும்பாதோர் இமையில் ஒட்டு நாடாவையோ பசையையோ இட்டுத் தற்காலிகமாக மடிப்பை உண்டாக்குவர். இதனால் சிலருக்குத் தோல் அழற்சி ஏற்படும்.

எம்முறையாயினும் இடர் இல்லாததில்லை. இரு மடிப்புகளும் ஒவ்வாதிருக்கலாம். மடிப்பு மிக உயரத்தில் அமைந்துவிடலாம். தோலை மிகையாக நீக்கினால் கண் முற்றும் மூடாது உலரும். மிக அரிதாக, கண்ணுக்குப் பின்னே இரத்தம் கசிந்து பார்வை நரம்பை அழுத்துவதால் பார்வையே போகக்கூடும். வெட்டியெடுத்த தோலை மீண்டும் முன்போல் அமைப்பது கடினம்.

ஆசிரியரும் ஊழியரும் கவனிக்க வேண்டியவை

ஒற்றை இமையையும் தொங்கும் இமையையும் ஒன்றெனக் கருதலாகாது. இமையை உயர்த்தும் தசை பலவீனமாயிருந்தால் இமை கண்மணியை மறைக்கும். அத்தகைய குழந்தை மோவாயையும் புருவத்தையும் உயர்த்திப் பார்க்கும். இளமையிற் கவனிக்காவிடில் அக்கண்ணின் பார்வை வளர்ச்சியடையாது நின்றுவிடக்கூடும். இமைமயிர் உட்புறமாகத் திரும்பிக் கருவிழியை உரசுவதும் சிகிச்சைக்குரியதே. இக்குறிகள் காணப்படின் குழந்தையைத் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். வயது வந்தவருக்குத் திடீரென இமை தொங்கி, தலைவலியோ பொருள்கள் இரண்டாகத் தெரிதலோ உடன் இருப்பின் அவசரச் சிகிச்சை தேவை.

லடாக், சிக்கிம், அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர் முதலிய நம் நாட்டுப் பகுதிகளிலும் மடிப்பற்ற இமை பலரிடம் இயல்பாகக் காணப்படுகிறது. அங்கிருந்து பிற மாநிலங்களுக்குக் கல்வி கற்க வரும் மாணவர் தம் கண்களைப் பற்றிய ஏளனத்துக்கு ஆளாவது வருந்தத்தக்கது. நிறம், உயரம் போன்று இமையின் அமைப்பும் மனிதருக்கு மனிதர் மாறுபடும் என்பதை வகுப்பில் எடுத்துரைப்பது ஆசிரியர் கடமையாகும். வயது வந்த ஒருவர் நன்மை தீமைகளை ஆய்ந்து இச்சிகிச்சையை மேற்கொள்வது அவர் உரிமை. ஆயின் ஏளனத்துக்கு அஞ்சி ஒரு சிறுமி தன் இமையைக் கத்திக்கு ஒப்புவிக்கும் நிலை நம் பள்ளிகளில் உண்டாகாதிருக்கப் பார்த்துக்கொள்வோமாக.