குழாய் நிற்கும், தகடு நிற்காது

சித்தூருக்குக் குடிவந்த நாள் முதல், திருப்பதி வழியாகத் திருமலைக்குப் போய்வருவது எங்கள் குடும்ப வழக்கம். ஏறுவது 1974-இல் போட்ட பாதையில். இறங்குவது 1944-இல் போட்ட பழைய பாதையில். எங்கள் பழைய ஜீப்புக்குக் கூரை வெறும் கித்தான்தான். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வயிறு கலங்கும். வண்டி கவிழ்ந்தால் தலை தப்பவேண்டுமே என்று, பந்தய வண்டிகளில் இருப்பதுபோல் இரும்புக்குழாய் வளைவு ஒன்றை வாங்கி, முன்சீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, வீட்டு வாசலிலேயே போல்ட் போட்டு முடுக்கினேன். பெருமை தாங்கவில்லை!

பார்க்க வந்த மெக்கானிக் அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டினார். துரு உதிர்ந்தது.

"குழாய் நிக்கும் சார், தகடு நிக்காது" என்றார்.

வண்டி கவிழும்போது பாரமெல்லாம் குழாயின் காலில் இறங்கும். மெல்லிய தகட்டை அது கிழித்துவிடும். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, அடியிலும் கனத்த தகடு கொடுத்துத்தான் முடுக்க வேண்டுமாம்.

பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த என் மகளைக் காட்டினார். சடன் பிரேக் போட்டால் அவள் நெற்றி அந்தக் குழாயில்தான் மோதும். பந்தயக்காரர்கள் ஹெல்மெட்டும் பெல்ட்டும் அணிந்தல்லவா உட்காருகிறார்கள்!

அன்றே கழற்றிவிட்டேன். இப்போது மலைக்குச் சப்தகிரி பஸ்ஸில்தான் போகிறோம். அன்பர்களே, பாதுகாப்புக்கென்று எதைப் பொருத்தினாலும், அது எதைப் பிடித்து நிற்கிறது, யார் தலைக்கு அருகில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.