மேகம் தவழும் மஹா எலிய
குடும்பத்தோடு மலைநடை செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை

மலைகளை நோக்குமாறும், அவை எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன எனச் சிந்திக்குமாறும் அருள்மறை மனிதனைத் தூண்டுகின்றது. ஆயினும், விடுமுறைக்கு நுவரெலியா செல்லும் நம் குடும்பங்களிற் பல, கிரகரி வாவியையும் கடைத்தெருவையும் சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகின்றன. அந்நகரிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தொலைவில் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா இருக்கின்றது. அங்கு செல்வோரிலும் பலர் அதனை ஒரு பூந்தோட்டம் என்றெண்ணியே செல்கின்றனர். மெல்லிய சட்டையும் இறப்பர் செருப்பும் அணிந்து, கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி, முற்பகல் பதினொரு மணிக்கு வாயிலை அடைகின்றனர். மூடுபனியைப் பார்த்துவிட்டு, நடுங்கியவாறு திரும்புகின்றனர்.

மலைநடைக்கு ஆயத்தம் வேண்டும். அந்த ஆயத்தத்தின் பெரும்பகுதியை, பயண ஒழுக்கங்கள் என்ற பெயரில் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தே இருக்கின்றார்கள். இன்றைய மலையேற்ற வழிகாட்டிகள் வலியுறுத்துவனவற்றை அவற்றோடு வைத்துப் பார்க்கும் எவரும் வியப்படையாமல் இருக்க முடியாது.

சமவெளியின் இயல்பு

சிங்கள மக்கள் இதனை 'மஹா எலிய' என்பர். ஆங்கிலேய ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் 19ஆம் நூற்றாண்டில் இதற்குச் சூட்டப்பட்டது. 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சமவெளி என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் அமைந்த மேட்டுநிலம் இது. நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயரமான மலைகளாகிய கிரிகல்பொத்தவும் தொட்டுபொலவும் இதனுள்ளேதான் நிமிர்ந்து நிற்கின்றன. குட்டை மரக் காடுகளும், அவற்றினிடையே விரிந்த புல்வெளிகளும், புல்வெளியில் அச்சமின்றி மேயும் மரைகளும் இதன் அழகு. சிறுத்தையும் உண்டு, ஆனால் அது மனிதர் கண்ணில் படுவது அரிது.

குளிரை அறிந்து உடுத்துதல்

ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். கொழும்பில் 28 பாகையில் வியர்த்துக்கொண்டு வாகனம் ஏறியவர், அதே நாளில் 14 பாகையில் இறங்குகிறார். மழையும் காற்றும் சேர்ந்தால் உடம்பு உணரும் குளிர் இன்னும் கடுமையாகும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்நுனிகளில் உறைபனியே படிவதுண்டு.

ஒரு தடித்த சட்டையை விட, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்த மூன்று மெல்லிய ஆடைகள் நன்று. ஏறும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். நின்றால் மீண்டும் அணியலாம். உடம்போடு ஒட்டிய ஆடை பருத்தியாக இருப்பது இங்கே பொருந்தாது. நனைந்த பருத்தி எளிதில் உலராது. உடம்பின் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். எல்லாவற்றுக்கும் மேலே அணிய மழைச்சட்டை கட்டாயம். குடை காற்றுக்குத் தாக்குப்பிடிக்காது.

நம் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. தரையைத் தொடும் அபாயாவின் ஓரம் பனியிலும் சேற்றிலும் நனைந்து கனத்து, படிகளில் காலை இடறச் செய்யும். கணுக்காலளவு நீளமுள்ள தளர்ந்த அபாயாவும், உள்ளே தடித்த காற்சட்டையும், கணுக்காலை மூடும் சப்பாத்தும் இருந்தால் ஹிஜாபுக்கும் குறைவில்லை, நடைக்கும் தடையில்லை. மலைவிளிம்பில் காற்று பலமாக வீசுமாதலால் தலைமறைப்பை நன்கு ஊசியிட்டுக் கொள்க.

குழந்தைகள் விடயத்தில் பெற்றோர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. பிள்ளையைச் சுமந்து நடக்கும் தந்தைக்கு வியர்க்கும். ஆகவே பிள்ளைக்கும் சூடாகவே இருக்கும் என அவர் எண்ணிக்கொள்வார். பிள்ளையோ அசையாமல் இருக்கிறது. அதன் உடம்பில் சூடு பிறக்க வழியில்லை. அடிக்கடி அதன் கழுத்தையும் மார்பையும் தொட்டுப் பாருங்கள். நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, காரணமற்ற உறக்கம் ஆகியவை உடல் ஆபத்தான அளவு குளிர்ந்துவிட்டதன் அடையாளங்கள். பெரியவருக்கும் இவை பொருந்தும். உடனே ஈர உடையை மாற்றி, கம்பளியால் போர்த்தி, விழிப்போடிருப்பவருக்கு இனிப்பான சூடான பானம் கொடுத்து, தாமதியாமல் கீழே கொண்டு செல்ல வேண்டும். ஒரு ஃபிளாஸ்க்கில் இஞ்சித் தேநீரோ கொத்தமல்லிக் குடிநீரோ எடுத்துச் செல்வது அந்த நேரத்தில் பேருதவியாகும்.

நடைவழி

வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். உலக முடிவு எனப்படும் பெருஞ்செங்குத்தைப் பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி மறைத்துவிடும். நுவரெலியாப் பள்ளிவாசலில் சுபஹை ஜமாஅத்துடன் நிறைவேற்றிவிட்டு உடனே புறப்படுவோருக்கு இது மிகப் பொருத்தமான நேரம். சுபஹுக்குப் பின் மீண்டும் படுக்கைக்குச் செல்லும் வழக்கமுடையோர் அன்று ஒரு நாளாவது அதனை விட்டுவிட வேண்டும்!

நடைவழி ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளமான ஒரு வட்டம். ஃபார் இன் எனும் பழைய கட்டடத்தருகே தொடங்கி, சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இளைஞர்கள் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவர். சிறுவரும் முதியவரும் உள்ள குடும்பத்துக்கு நான்கரை மணி நேரம் ஒதுக்குவதே அறிவு. உலக முடிவை முதலிற் பார்த்துவிட்டு, நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்க. நீர்வீழ்ச்சி பனி மூடினாலும் ஓடி ஒளியாது.

மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டுமென்பது நபிமொழி. மலையில் இதன் பயன் கண்கூடு. திரும்புவதா தொடர்வதா என ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டு மழையில் நிற்கும் குடும்பம் இரட்டிப்பாக நனையும். தலைவர் முன்னால் ஓடுபவராக இருக்க வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் பயணங்களில் கூட்டத்தின் பின்னே வந்து, பலவீனரை ஊக்கி அழைத்து வருபவர்களாக இருந்தார்கள். உம்மும்மாவின் நடையே குடும்பத்தின் நடை. மேட்டில் ஏறும்போது தக்பீரும், இறங்கும்போது தஸ்பீஹும் கூறுவது நபித்தோழர்களின் வழக்கம். தக்பீர் சொல்ல இயலாத அளவு மூச்சு வாங்கினால், வேகம் மிகுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இதயநோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உலக முடிவில் நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் சரிகின்றது. 2015 பெப்ரவரியில் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர், மனைவியைப் படமெடுக்கப் பின்னோக்கி அடி வைத்தபோது அங்கே தவறி விழுந்தார். கீழே ஒரு மரம் தாங்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் அவரை மீட்டெடுத்தனர். கைத்தொலைபேசி ஒவ்வொரு கையிலும் இருக்கும் இக்காலத்தில் இதனை மறந்துவிடலாகாது. படமெடுப்பவர் ஒருபோதும் பின்னோக்கி நகரக்கூடாது. விளிம்புக்குச் செல்லும்முன் சிறுவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்கி, கையைப் பிடித்துக்கொள்ளச் செய்க. பனி மூடியிருக்கும்போது விளிம்பு எங்கே முடிகிறதென்றே தெரியாது. அவ்வேளை தள்ளி நிற்பதே கடமை.

தொழுகையும் தூய்மையும்

கொழும்பு, காலி, மட்டக்களப்பு போன்ற தூர ஊர்களிலிருந்து வருவோருக்குக் கஸ்ர், ஜம்உ சலுகைகள் உண்டு. சொந்த நிலைமையைப் புறப்படும்முன் ஊர் ஆலிமிடம் விளக்கிக் கேட்டுக்கொள்வது நன்று. ஜும்ஆவைக் கருதி வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துக்கொள்ளலாம். இங்கே கிப்லா நேர்மேற்கிலன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். சூரியன் மறைந்து பனி சூழ்ந்தால் திசை அறிவது கடினமாதலால் சிறிய திசைகாட்டி ஒன்றை எடுத்துச் செல்க. ஈரத்தரையில் விரிக்க, நீர் ஊறாத ஒரு விரிப்பும் தேவை. பாதையை மறித்துத் தொழுகைக்கு நிற்கக்கூடாது.

குளிர்நீரைக் கண்டதும் சிலர் தயம்மும் பற்றிப் பேசத் தொடங்குவர். நீரும் அதைச் சூடாக்க அடுப்பும் இருக்கும்போது அதற்கு இடமில்லை. ஆனால் தூய்மையோடு அணிந்த காலுறைமீது மஸஹு செய்யும் சலுகை பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு உண்டு. நாம் அன்றாடம் அணியும் மெல்லிய காலுறை அதற்குப் போதாது. கணுக்காலை மூடிய, நீர் எளிதில் ஊடுருவாத, நடப்பதற்கு உறுதியான காலணி வேண்டும். இதன் நிபந்தனைகளையும் ஆலிமிடம் தெளிவாக்கிக்கொள்க.

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் இந்த மேட்டுநிலமே தலைநீர் தருகின்றது. கண்டியிலும் கொழும்பிலும் குழாயைத் திறந்து வுழூச் செய்பவரின் கையில் விழும் நீரில் இம்மலைப் பனியின் பங்கும் உண்டு. நீர்நிலையிலும், மக்கள் செல்லும் பாதையிலும், நிழலிலும் மலசலம் கழிப்பது சாபத்துக்குரிய செயலென நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஓடையில் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும், பிள்ளையின் துணியை அலசுவதும் அந்த எச்சரிக்கையின் எல்லைக்கு வெளியே உள்ளவை என யாரும் எண்ணிவிட வேண்டாம். நடை தொடங்குமுன் கழிப்பறைத் தேவையை முடித்துக்கொள்க. வழியில் வசதி கிடைக்குமென நம்பியிருக்கக் கூடாது. ஓடைநீர் தெளிவாகத் தோன்றினும் கொதிக்க வைக்காமல் அருந்தலாகாது. மேலே மரைகள் நடமாடுகின்றன.

வாயிலில் பைகளைச் சோதிப்பர். பொலித்தீன் உள்ளே செல்ல அனுமதியில்லை. சோற்றுப் பொதியை வாழையிலையில் கட்டலாம். தேங்காய் ரொட்டியும் பேரீச்சம்பழமும் தகர டப்பாவில் அடங்கும். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் கற்பிக்கிறோம். அதே பிள்ளைகளின் முன்னால் இனிப்பு உறையைப் புல்லில் எறியும் தந்தையரை என்னவென்பது! மரைகளுக்குப் பாண் துண்டு நீட்டுவதும் கருணையன்று. மனிதர் தரும் உணவுக்குப் பழகிய பிராணி, உணவின் மணம் படிந்த பிளாஸ்டிக்கையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

இரவுத் தங்கல்

பூங்காவினுள் கூடாரமிட, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் முன்அனுமதி பெற்று, குறிக்கப்பட்ட இடத்திலேயே தங்க வேண்டும். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை. ஆதலால் புறப்படும்முன் திணைக்களத்திடமே கேட்டறிக. கைக்குழந்தையுள்ள குடும்பத்துக்குக் கூடாரத்தை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பகலில் நடந்துவிட்டு நகரில் தங்குவது போதும்.

இரவில் இறங்கித் தங்குவோர் பாதையைத் தவிர்க்க வேண்டும், அது இரவில் பிராணிகளும் ஊர்வனவும் செல்லும் வழி என்பது நபிமொழி. மரைகள் தேய்த்த தடத்தின்மேல் கூடாரமிடலாகாது என்றே வனக்காவலரும் சொல்வர். பள்ளத்தில் குளிர்ந்த காற்றும் நீரும் தேங்கும். சற்று மேடான இடம் நன்று. குளிர் மேலிருந்து வருவதை விடத் தரையிலிருந்தே அதிகம் ஏறும். ஆகவே போர்வை ஒன்று குறைந்தாலும், கீழே விரிக்கும் தடித்த விரிப்புக் குறையக்கூடாது. படுக்குமுன் படுக்கையை உதறிக்கொள்ளும் சுன்னத்தையும் மறக்கலாகாது. உணவை மூடி வைத்து, மிச்சத்தைச் சுற்றுப்புறத்தில் கொட்டாதிருந்தால் காட்டுப்பன்றி நெருங்குவது குறையும்.

நெருப்பைப் பற்றி இரண்டு செய்திகள். உறங்கும்போது நெருப்பை எரிய விடாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. குளிர் தாங்காமல் கரிச்சட்டியையோ அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுசென்று வாயிலை மூடிக்கொள்வோர் உண்டு. அதிலிருந்து எழும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே ஒரு குடும்பம் முழுவதையும் அது கொன்றுவிடும். சமையல் எப்போதும் வெளியிலேயே நடைபெற வேண்டும். உலர்ந்த மாதங்களில் புல்வெளி ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். ஆதலால் திறந்தவெளியில் விறகெரிக்கலாகாது. செயற்கை நூலாடைகள் நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்பவை. சமைக்கும் சகோதரிகள் சால்வையின் முனையைச் செருகிக்கொள்வார்களாக.

சொந்த வாகனமில்லாதோர் மனம் தளர வேண்டியதில்லை. பதுளைப் புகையிரதத்தில் ஒஹிய நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஃபார் இன் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். வலுவுள்ள வாலிபர்கள் நடந்தே ஏறலாம். மற்றையோர் வாடகை வாகனம் பேசிக்கொள்ளலாம். திரும்பும் புகையிரதத்தின் நேரத்தை இறங்கும்போதே நிலைய அதிபரிடம் கேட்டுக் குறித்துக்கொள்க. மாலையில் அந்த வீதியிலும் பனி இறங்கிவிடும். இருட்டுமுன் நிலையத்தை அடைந்துவிட வேண்டும்.