காவற் கலங்களில் ஒரு புரதம்

நோய்க்கிருமி என்றதும் பற்றீரியாவும் வைரசுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டுமல்லாத வெறும் புரதமே நோயைத் தொற்றச் செய்யும் என்று அமெரிக்க விஞ்ஞானி ஸ்ரான்லி புறூசினர் 1982இல் கூறி, அதற்குப் பிரையன் என்று பெயருமிட்டபோது, பலர் நம்ப மறுத்தனர். 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விந்தை யாதெனில், இப்புரதம் நமக்கு அந்நியமானதன்று. நம் நரம்புக் கலங்களின் மேற்பரப்பில், கொழுப்பாலான சிறு நங்கூரமொன்றினால் பிணைக்கப்பட்டு அது இயல்பாகவே இருக்கிறது. உருக்கெட்டு மடிந்த பிரையன் வந்து சேருமாயின், நல்ல புரதமும் அதன் வடிவையே ஏற்றுக் கெடுகிறது. நல்லது இல்லாவிடத்தில் கெட்டது பெருக வழியில்லை. இப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலிகளை நோய் தீண்டவில்லை என்பது 1993இல் காட்டப்பட்டது.

மூளையோடு நிற்கும் கதையாயின் இது எளிது. ஆனால், நம் உடலைக் காக்கும் வெண்குழியங்களிலும் இதே புரதம் உண்டு. நிணநீர்க்குழியங்களில் அதனைத் தெளிவாகக் காணலாம். நோயை எதிர்க்க ரீ-குழியம் தூண்டப்படும்போது அதன் அளவு கூடவுஞ் செய்கிறது. அங்கு அதற்கு என்ன வேலை? கலங்களுக்கிடையே செய்தி கடத்துவது என்பர் சிலர். கலத்தைக் காப்பது என்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை. அப்புரதமற்ற சுண்டெலிகளும் பெரும்பாலும் நலமாகவே வாழ்கின்றனவே!

பிரித்தானியாவில் இவ்வினா ஆய்வுகூடத்தை விட்டு வைத்தியசாலைக்குள் நுழைந்தது. பசுக்களை வாட்டிய மூளைநோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக்கூடும் என 1996இல் அரசு அறிவித்தது. அந்நோயாளரின் மூளையில் மாத்திரமன்றி, காவற் கலங்கள் குழுமும் தொண்டை முளைகளிலும் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் உருக்கெட்ட புரதம் காணப்பட்டது. அப்படியாயின், நோய்க்குறி தோன்றுமுன் அவர்கள் தானஞ்செய்த குருதி?

சான்று வரும்வரை காத்திராமல், கொடைக்குருதியிலிருந்து வெண்குழியங்களை வடித்தகற்றும் முறை 1999இற்குள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. என் கருத்தில் அது துணிவான முடிவு. ஏனெனில், குருதி வழியே நோய் பரவியதாகக் கருதப்பட்ட முதல் நோயாளரைப் பற்றிய ஆய்வறிக்கை 2004இலேயே வெளிவந்தது. அவ்வாறு நோயுற்றோர் மூவர் என அறியப்பட்டது. மூவரும் வடிக்கப்படாத குருதியைப் பெற்றவர்கள்.

வடித்தல் முழுக் காப்பன்று. குருதியின் நீர்ப்பாகமான பிளாஸ்மாவிலும் தொற்று தங்கலாம் என்ற அச்சத்தால், பிரித்தானியப் பிளாஸ்மாவிலிருந்து மருந்து ஆக்குவதும் நிறுத்தப்பட்டிருந்தது. நிர்ப்பீடனப் புரத மருந்துகளுக்காக அத்தடை நீங்க 2021 வரை சென்றது.